வசந்த மண்டபத்துக் கோழிகள்

முன்பு ஒரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் இப்போது யாருக்கும் தெரியாது. ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஒரு மகாராஜா, இவ்வளவுதான் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அந்த மகாராஜாவுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. கறியை மெல்ல முடியவில்லை. முறுக்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடம்பு இளைத்தது, கோபம் பெருத்தது. அரண்மனை வைத்தியர் யோசித்துப் பார்த்துவிட்டு, காலையில் ஒரு கோழிமுட்டையை அரை வேக்காடாக அவித்து, மிளகும் உப்பும் தூவிச் சாப்பிடும்படி சொன்னார். பத்தே நாளில் மகாராஜாவின் கன்னத்தில் சதை பிடித்தது. பதினோராம் நாள் சபையில் அவருக்கு ஓர் ஆசை வந்தது.

"ஒரு முட்டை எனக்கு இவ்வளவு தெம்பு தருகிறதே, என் காவலர்களுக்கும் தந்தால் என்ன? அரண்மனைக் காவலர்கள் இருநூறு பேர். இருநூறு கோழிகளைக் கொண்டுவாருங்கள். தினமும் இருநூறு முட்டை வேண்டும்."

வைத்தியர் தொண்டையைச் செருமினார். "மகாராஜா, பிழை பொறுக்க வேண்டும். கோழி நாள் தவறாமல் முட்டையிடாது. இரண்டு நாள் இட்டால் ஒரு நாள் ஓய்ந்திருக்கும்."

"என் நாட்டுக் கோழி என் உத்தரவில்லாமல் ஓய்வெடுக்குமா?" என்றார் மகாராஜா.

சபை முழுவதும் சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். அவர் அந்தச் சபையின் விகடகவி செவ்வந்தியப்பர். சிரிக்க வைப்பது அவர் தொழில்.

இருபத்தாறு வருஷமாக அந்தத் தொழிலைச் செய்து வந்தார் அவர். தினம் காலையில் மகாராஜா அரியணையில் உட்கார்ந்ததும், முதலில் அவர் பக்கம்தான் திரும்புவார். "ம், சொல்லும்" என்பார். சொல்ல வேண்டும். காய்ச்சலோ, வீட்டில் துக்கமோ, முழங்கால் வலியோ, எதுவானாலும் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக் கூடாது. ஒரே மனிதரை இருபத்தாறு வருஷம் சிரிக்க வைப்பது எப்படிப்பட்ட வேலை என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. சமீப காலமாகச் சபை முடிந்து வீட்டுக்குப் போனால் மனைவியிடம்கூடப் பேச்சு எழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கோழிகள் வந்தன. ஆற்றுக்கு அக்கரையில் ஒச்சாயி என்ற ஒரு விதவை கோழி வளர்த்துப் பிழைத்து வந்தாள். அவளுடைய கோழிகள் நல்ல முட்டைக் கோழிகள் என்று ஊருக்கெல்லாம் தெரியும். சேவகர்கள் போய் இருநூறு கோழிகளையும் கூடைகளில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அழுதுகொண்டே கூட வந்த ஒச்சாயியை, கூட்டிப் பெருக்க ஆள் வேண்டுமே என்று உள்ளே விட்டார்கள்.

கோழிகளைத் தங்கவைக்கும் பொறுப்பை அரண்மனை அதிகாரி உத்தண்டராயர் கேட்டு வாங்கிக்கொண்டார். தீனி போடும் பொறுப்பைப் பண்டகசாலை அதிகாரி நாகலிங்கர் வாங்கிக்கொண்டார். மகாராஜாவின் ஆசை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இருவரும் நிற்பார்கள். செவ்வந்தியப்பரைக் கண்டால் இருவருக்கும் ஆகாது. காலையில் மகாராஜா முதலில் திரும்பிப் பார்ப்பது அவரையல்லவா?

உத்தண்டராயர் பழைய ஆயுதச்சாலையைக் காலி செய்தார். தடித்த சுவர், ஒரே வாசல், ஜன்னல் என்று பேருக்கு இரண்டு துளைகள். சுவருக்கு வர்ணம் பூசி, அந்த இரண்டு துளைகளையும் பட்டுத் திரையால் மறைத்து, தரையில் வழவழப்பான கல் பதித்து, மூலைக்கு மூலை சாம்பிராணி புகைய வைத்தார். கோழிகள் உற்சாகமாக முட்டையிடட்டும் என்று விடியற்காலையில் வாசலில் பேரிகை கொட்டவும் ஏற்பாடு செய்தார். நாகலிங்கர் மூன்று முறை தீட்டிய வெள்ளை அரிசியைத் தாம்பாளம் தாம்பாளமாகக் கொட்டினார்.

முதல் நாள் தொண்ணூறு முட்டை கிடைத்தன. அவை முன்பே வயிற்றில் இருந்தவை. மறுநாள் நாற்பது. ஒரு வாரத்தில் ஐந்து. ஒரு மாதம் ஆனபோது ஒன்றுகூட இல்லை. கோழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஒண்டிக்கொண்டு, ஒன்றின் முதுகை ஒன்று கொத்திக்கொண்டு கிடந்தன.

மகாராஜா சபையில் சீறினார். இரண்டு காவலர்களுக்கு நடுவில் ஒச்சாயியும் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருந்தாள்.

"மகாராஜா!" என்று உத்தண்டராயர் முன்னால் வந்தார். "அடியேன் கொடுத்திருக்கும் மண்டபம் தேவேந்திரனே குடியிருக்கத் தகுந்தது. அங்கே அடியேனுக்கு ஓர் இடம் கிடைத்தால் வேறெங்கும் போக மாட்டேன். இருப்பிடத்தில் குறையே இல்லை."

நாகலிங்கரும் பின்தங்கவில்லை. "உணவும் அப்படியே, பிரபு. முத்துப் போன்ற அரிசி. எங்களுக்கு அதை மட்டும் தந்தாலே போதும், வேறு பதார்த்தம் கேட்க மாட்டோம். இது செய்வினை. கோழிகளைப் பறிகொடுத்த கோபத்தில் இந்தப் பெண்பிள்ளைதான் ஏதோ செய்திருக்கிறாள்."

"நான் ஒண்ணும் செய்யலீங்க மகராசா!" என்றாள் ஒச்சாயி. "எங் கோழிக்கு நானே எதுக்குங்க கெடுதல் பண்ணப் போறேன்?"

மகாராஜா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இவளைச் சிறையில் போடுங்கள். இடாத கோழிகள் எதற்கு? மடைப்பள்ளிக்கு அனுப்புங்கள். காவலர்கள் கறியாவது தின்னட்டும்."

"வேண்டாம், மகாராஜா" என்று ஒரு குரல் கேட்டது. சொன்னவர் செவ்வந்தியப்பர்.

அடுத்து ஒரு வேடிக்கை வரும் என்று சபை காத்திருந்தது. வரவில்லை. அவர் வெறுமனே நின்றார். ஏன் வாயைத் திறந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. காவலர்களுக்கு நடுவில் நின்ற ஒச்சாயியைப் பார்த்தார், வாய் திறந்துவிட்டது.

உத்தண்டராயருக்குக் கண் மின்னியது. "ஆஹா! விகடகவியாரே பொறுப்பேற்கட்டும், மகாராஜா. கல்லையும் சிரிக்க வைப்பவர், கோழியை முட்டையிட வைக்க மாட்டாரா? பதினைந்து நாள் கொடுப்போம். முடியாவிட்டால் இவளோடு அவரும் நாட்டை விட்டுப் போகட்டும்."

"சரி" என்றார் மகாராஜா. "பதினைந்து நாள். அதுவரை இவளும் கோழிகளோடு இருக்கட்டும். அரண்மனைக்குள் கோழி விஷயத்தில் விகடகவியின் சொல்லே என் சொல்."

செவ்வந்தியப்பர் கை குவித்தார். "கோழிகளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மகாராஜா உத்தரவிட வேண்டும்."

"அதையும் நானா சொல்ல வேண்டும்?" என்று எரிந்து விழுந்தார் மகாராஜா. "என் அதிகாரிகளை நான் எப்படி வைத்திருக்கிறேனோ அப்படியே வையும். அவர்களுக்கு ஏதாவது குறை உண்டா?"

"இல்லவே இல்லை, மகாராஜா. அதை ஓலையில் எழுதித் தரச் சொன்னால் நல்லது."

எழுத்தர் எழுதினார். முத்திரை விழுந்தது. ஓலையை மடியில் செருகிக்கொண்டு செவ்வந்தியப்பர் வெளியே வந்தார். அப்போது அவரிடம் எந்தத் திட்டமும் இல்லை. அரசர்கள் சொல்வதை எழுதி வாங்கிக்கொள்வது இருபத்தாறு வருஷப் பழக்கம், அவ்வளவே.

ஆயுதச்சாலைக் கதவைத் திறந்ததும் சாம்பிராணிப் புகையும் எச்சத்தின் காரமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. உள்ளே கண் தெரியவில்லை. செவ்வந்தியப்பர் தடவிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். முழங்கால் விண்ணென்று தெறித்தது. ஒச்சாயி வாசலிலேயே நின்றாள்.

"ஒச்சாயி, எனக்குக் கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாப்பிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். இவற்றுக்கு என்ன வந்தது?"

அவள் வாசலை விட்டு உள்ளே வந்தாள். ஒரு மாதத்தில் அவளிடம் அப்படி ஒருவர் கேட்டது அப்போதுதான்.

"என்ன வரும் சாமி? வெளிச்சத்த அடைச்சுப்புட்டாங்க. கோழிக்கு வெளிச்சந்தான் மொதத் தீனி. விடிஞ்சதுலேருந்து பொழுது சாயிற வரைக்கும் வெயில் வாசம் படணும். இருட்டுல போட்டா, பனிக்காலம் வந்திருச்சுன்னு அதும்பாட்டுக்கு முட்டைய நிறுத்திக்கிரும்."

"அரிசி நல்ல அரிசிதானே?"

"நல்ல அரிசிதான், கல்யாண வீட்டுக்கு. கோழிக்கு எதுக்கு? முட்ட ஓடு எதுலேருந்து வரும் சாமி? கிளிஞ்சலு இடிச்சுப் போடணும். கம்பு, சோளம், தவிடு வேணும். கொஞ்சம் புண்ணாக்கு, ஒரு பிடி கருவாட்டுத் தூளு, இல்லைன்னா கரையான். கீர நறுக்கிப் போட்டா கருவு செவப்பா இருக்கும். தண்ணியப் பாருங்க, எச்சம் மெதக்குது. நம்ம குடிப்பமா?"

"வேறு?"

"வழவழன்னு கல்லப் பதிச்சு வச்சிருக்காங்க. காலு வழுக்குது, ஈரம் காய மாட்டேங்குது. உமிய ஒரு சாண் பரப்புனா போதும். ஒக்கார ஒரு கம்பு இல்ல. சாம்பல்ல பொரள எடமில்ல. பெறகு இந்தக் கொட்டு! விடியறப்ப டமடமன்னு அடிச்சா, வகுத்துல இருக்குற முட்டையும் கலங்கிப் போவும். எல்லாத்துக்கும் மேல, மறைவா ஒரு மூலை வேணும் சாமி. ஊரே பாத்துக்கிட்டு நிக்கையில எந்தப் பொம்பள பிள்ள பெறுவா?"

"இதையெல்லாம் அவர்களிடம் சொன்னாயா?"

"வாயத் தொறந்தா தூரப் போங்குறாங்க. பெறகு 'இன்னிக்கு எத்தன முட்ட, இன்னிக்கு எத்தன முட்ட'ன்னு மட்டும் காலையில வந்து கேக்குறாங்க."

செவ்வந்தியப்பர் கால்மாட்டில் ஒண்டியிருந்த ஒரு கோழியைக் குனிந்து பார்த்தார். அது கண்ணை மூடித் திறந்தது. தினம் காலையில் தன்னைப் பார்த்து 'ம், சொல்லும்' என்று கேட்கும் குரல் அவர் காதில் கேட்டது. இந்தக் கோழிக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம்தான் இருக்கிறது, நான் இன்னும் நிறுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு எழுந்து மெதுவாக வெளியே நடந்தார். எதிரே வசந்த மண்டபம் தெரிந்தது. அதுதான் அதிகாரிகள் பகலில் உட்கார்ந்து வேலை செய்யும் இடம். நான்கு பக்கமும் தூண்கள்; சுவரே கிடையாது. கிழக்கிலிருந்து வெயில் நீளமாக உள்ளே விழுந்திருந்தது. குளத்துக் காற்று வீசியது. ஒவ்வோர் அதிகாரியின் இருக்கையைச் சுற்றியும், அடுத்தவர் எட்டிப் பார்க்காதபடி மூங்கில் தட்டி வைத்து மறைத்திருந்தது. மதியம் அவர்களுக்கு அரண்மனையிலிருந்து கீரையும் பருப்பும் மீனும் மோரும் வரும். சாப்பிட்டபின் ஒரு நாழிகை தூக்கம். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் சத்தமாக நடக்கக்கூடாது என்று கட்டளை.

செவ்வந்தியப்பர் மடியிலிருந்த ஓலையை எடுத்து இன்னொரு முறை படித்தார்.

மறுநாள் காலை உத்தண்டராயரும் நாகலிங்கரும் வசந்த மண்டபத்துக்கு வந்தபோது வாசலில் சேவகர்கள் உமி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தூணுக்குத் தூண் மூங்கில் கம்பு கட்டியாகிவிட்டது. தூண்களுக்கு நடுவே வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். உத்தண்டராயரின் திண்டின் மேல் ஒரு கறுப்புக் கோழி நின்று சிறகை உதறியது.

"இது என்ன அக்கிரமம்?" என்று கத்தினார் உத்தண்டராயர்.

செவ்வந்தியப்பர் ஓலையை நீட்டினார். "என் அதிகாரிகளை எப்படி வைத்திருக்கிறேனோ அப்படியே வையும் என்பது மகாராஜாவின் ஆணை. உங்களை இங்கேதான் வைத்திருக்கிறார். எனவே கோழிகளும் இங்கே."

"அப்படியானால் நாங்கள் எங்கே போவது?"

"ஆயுதச்சாலை காலியாக இருக்கிறது. தேவேந்திரன் குடியிருக்கத் தகுந்தது. அங்கே ஓர் இடம் கிடைத்தால் வேறெங்கும் போக மாட்டேன் என்று சபையில் சொன்னீர்கள். உங்களுக்காக நானே கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டாம்."

உத்தண்டராயர் ஓலையின் முத்திரையைத் தடவிப் பார்த்தார். மகாராஜாவிடம் முறையிட்டால், 'மண்டபத்தில் குறை' என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அன்று வந்திருந்த அதிகாரிகள் எல்லாரும் தங்கள் ஓலைக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆயுதச்சாலைக்குள் போனார்கள்.

மதியம் அவர்களுக்குச் சாப்பாடு வந்தது. மூன்று முறை தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு, வேறெதுவும் இல்லை. உப்புக்கூட இல்லை.

நாகலிங்கர் சமையற்காரரை முறைத்தார். "குழம்பு எங்கே?"

"விகடகவி ஐயா உத்தரவுங்க. வேற பதார்த்தம் கேக்க மாட்டீங்கன்னு நீங்களே சொன்னீங்களாம். கீரையும் மீனும் மோரும் கோழிங்களுக்குப் போயிருச்சு."

வசந்த மண்டபத்தில் ஒச்சாயி வேலையை ஏற்றுக்கொண்டாள். கம்பும் சோளமும் தவிடும் அளவு பார்த்துக் கலந்தாள். கொல்லர் தெருவிலிருந்து சாம்பல் வரவழைத்து ஒரு மூலையில் கொட்டினாள். கிளிஞ்சலை இடித்துத் தனியாக வைத்தாள். தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றினாள். அதிகாரிகளின் இருக்கைகளில் அவர்கள் விட்டுப்போன பழைய ஓலைப்பெட்டிகளைத் தட்டி மறைவில் வரிசையாக வைத்து, உள்ளே வைக்கோல் திணித்தாள்.

செவ்வந்தியப்பருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. பதினைந்து நாள் சபைக்கு வர வேண்டாம் என்று மகாராஜாவும் சொல்லியிருந்தார். ஒரு தூணில் சாய்ந்து, காலை நீட்டி, வெயிலில் உட்கார்ந்திருந்தார். கோழிகள் அவர் காலைத் தாண்டிப் போயின. எந்தக் கோழியும் அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. நான்காம் நாள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

ஆறாம் நாள் மதியம் நாகலிங்கர் ஒரு வேலை செய்தார். நவராத்திரி நெருங்குகிறது, ஒத்திகை பார்க்க வேண்டும் என்று சொல்லி, பேரிகைக்காரர்கள் எட்டுப் பேரை வசந்த மண்டபத்தின் அருகே அனுப்பினார். முதல் அடி விழுந்ததும் கோழிகள் அலறிக்கொண்டு ஒரே மூலைக்கு ஓடின. ஒச்சாயி கையிலிருந்த தீனித்தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

செவ்வந்தியப்பர் எழுந்து நின்றார். கத்துவதற்குத் தெம்பு இல்லை. பேரிகைக்காரர்களின் தலைவரிடம் போய்த் தணிந்த குரலில் கேட்டார்: "ஐயா, அதிகாரிகள் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது இங்கே பேரிகை கொட்டினால் என்ன தண்டனை?"

"பத்துக் கசையடிங்க."

"உள்ளே இருப்பவர்கள் இப்போது அதிகாரிகள். ஆணை இதோ." ஓலையைக் காட்டினார். "அவர்கள் விழித்துவிட்டார்கள். அடுத்த அடியை அடிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்."

பேரிகைகள் வேறு பக்கம் போய்விட்டன. ஆனால் கோழிகள் மிரண்டது மிரண்டதுதான். எட்டு, ஒன்பது, பத்து என்று நாட்கள் போயின. ஒரு முட்டைகூட இல்லை. பத்தாம் நாள் சாயங்காலம் ஒச்சாயி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால உங்களுக்கும் கேடு வந்துருச்சே சாமி. அன்னிக்கு நீங்க வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்."

"அன்றைக்கு ஒரு நாள்தான் எனக்காக வாயைத் திறந்தேன், ஒச்சாயி. மற்றதெல்லாம் மகாராஜாவுக்காக. போனால் போகட்டும்" என்றார் அவர். பேச்சுக்காகச் சொல்லவில்லை. வீட்டில் மனைவியிடம் மூட்டை கட்டச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

மறுநாள் காலை உத்தண்டராயரின் இருக்கையில், தட்டி மறைவில், ஓலைப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு கோழி நிதானமாக வெளியே வந்து கொக்கரித்தது. ஒச்சாயி ஓடிப்போய்க் கையை விட்டாள். வெளிர் பழுப்பு நிறத்தில், சூடு ஆறாத ஒரு முட்டை. அவள் அதைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். செவ்வந்தியப்பரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று நான்கு. மறுநாள் முப்பது. அதற்கடுத்த நாள் எழுபது.

பதினைந்தாம் நாள் மகாராஜா நேரில் வந்தார். அவருக்கு இடம் மாறிய விஷயம் தெரியாது. நேராக ஆயுதச்சாலைக்குப் போய்க் கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது.

"யாரது இருட்டில்?"

"அடியேன் உத்தண்டராயன், மகாராஜா."

"இங்கே என்ன செய்கிறீர்?"

அதற்குமேல் உத்தண்டராயரால் தாங்க முடியவில்லை. "செத்துக்கொண்டிருக்கிறோம், பிரபு! வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. தரை வழுக்கி நாகலிங்கர் இரண்டு முறை விழுந்துவிட்டார். தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒருவரைக் கண்டால் ஒருவருக்கு ஆகவில்லை. சாம்பிராணிப் புகை மூச்சை அடைக்கிறது. வெறும் சோறு தொண்டையில் இறங்கவில்லை. காலையில் வாசலில் பேரிகை. இங்கே எப்படி வேலை நடக்கும்? பதினைந்து நாளில் ஓர் ஓலைகூட எழுதி முடிக்க முடியவில்லை!"

மகாராஜா திரும்பினார். வாசல்படிக்கு வெளியே செவ்வந்தியப்பர் நின்றிருந்தார்.

"இதற்கு என்ன அர்த்தம்?"

"மகாராஜா, ஒரு மாதமாகக் கோழிகளும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நம் மொழி வரவில்லை. எனவே நன்றாகப் பேசத் தெரிந்தவர்களை உள்ளே அனுப்பி வைத்தேன்."

மகாராஜாவின் மீசை துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை. "முட்டை எங்கே?"

வசந்த மண்டபத்துக்குப் போனார்கள். காலை வெயிலில் கோழிகள் உமியைக் கிளறிக்கொண்டிருந்தன. சில சாம்பலில் புரண்டன. ஒச்சாயி ஏழு கூடைகளை வரிசையாக வைத்திருந்தாள். எழுத்தர் எண்ணினார். "நூற்று முப்பத்து மூன்று, மகாராஜா."

பின்னால் வந்த நாகலிங்கருக்கு உயிர் வந்தது. "இருநூறு அல்லவா ஆணை? அறுபத்தேழு குறைகிறது! விகடகவி தோற்றுவிட்டார்!"

மகாராஜா செவ்வந்தியப்பரைப் பார்த்தார். "நியாயம்தானே? இருநூறு கோழி இருக்க, இருநூறு முட்டை ஏன் இல்லை?"

"மகாராஜாவின் ஆணைப்படி கோழிகளை அதிகாரிகளைப் போல வைத்திருந்தேன். முப்பது அதிகாரிகளில் எந்த நாளும் இருபது பேருக்கு மேல் வேலைக்கு வந்ததாக எழுத்தர் சொல்லட்டும், குறையும் முட்டைகளை நானே இட்டுத் தருகிறேன்."

எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். மகாராஜாவிடமிருந்து சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. பொக்கை வாய் முழுவதும் தெரிய, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காவலர்கள் சிரித்தார்கள். கோழிகள் ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கிளறின.

சிரிப்பு அடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் மகாராஜா மண்டபத்தின் கோடியில் தனியாக நின்ற சில கோழிகளைப் பார்த்தார். கழுத்தில் இறகு இல்லை. வால் மொட்டையாக இருந்தது. பார்க்கவே பரிதாபமாக இருந்தன.

"அவற்றுக்கு என்ன நோய்?" என்று கேட்டார். அன்றுதான் அவர் ஒச்சாயியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நோயில்லீங்க மகராசா. இறகு உதுக்குதுங்க. வருசா வருசம் இப்பிடித்தான். பொரட்டாசி, ஐப்பசியில ரெண்டு மாசம் பழைய இறகெல்லாம் கொட்டிப் புதுசு மொளைக்கும். அதுவரைக்கும் முட்ட வராது."

"வேலை செய்யாத இரண்டு மாதமும் தீனி போட வேண்டுமா?"

"அப்பத்தான் நல்லாப் போடணுமுங்க. வெரட்டக் கூடாது, ஏன்னு கேக்கக் கூடாது. அதும்பாட்டுக்கு இருக்க விட்டா, பெறகு மறுக்கா நல்லா இடும். விடாம வெரட்டுனா அத்தோட போச்சு."

மகாராஜா மொட்டைக் கழுத்துக் கோழிகளைப் பார்த்தார். தூணில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டிருந்த செவ்வந்தியப்பரைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகத் தினமும் பார்த்த முகம். கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுத்திருப்பது இன்றுதான் தெரிந்தது.

"விகடகவியாரே" என்றார் மகாராஜா மெதுவாக. "உமக்கு இறகு உதிரத் தொடங்கி எத்தனை காலமாயிற்று?"

செவ்வந்தியப்பர் அசந்துபோனார். பிறகு இரண்டு கைகளாலும் தலைப்பாகையைக் கழற்றினார். உள்ளே வழுக்கைத்தலை வெயிலில் மின்னியது.

"சரியாக நினைவில்லை, மகாராஜா. யாரும் கேட்கவில்லை" என்றார்.

மகாராஜா மறுபடி சிரித்தார். இந்தமுறை செவ்வந்தியப்பரும் சிரித்தார். மகாராஜா சொன்ன வேடிக்கைக்கு அவர் சிரிப்பது அதுதான் முதல் தடவை. அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. நிறுத்த முடியாமல் மூச்சு வாங்கினார்.

அன்று மகாராஜா உத்தரவுகளை இட்டார். குளக்கரையில் வெயிலும் காற்றும் உள்ள ஒரு தோட்டம் ஒச்சாயிக்குச் சொந்தமாயிற்று. கோழிகளும் திரும்ப அவளுடையவை ஆயின. கோழிகள் இடுவதை அவள் அரண்மனைக்குக் கொடுப்பாள். எத்தனை என்று யாரும் அவளை வற்புறுத்தக் கூடாது. இரண்டு மாதம் தினமும் அவள் தோட்டத்துக்கு உமி சுமந்து கொடுப்பது உத்தண்டராயரும் நாகலிங்கரும் செய்ய வேண்டிய வேலை. செவ்வந்தியப்பருக்குப் பொற்சரிகைச் சால்வையும், வருஷத்தில் இரண்டு மாதம் முழு ஓய்வும். அந்த இரண்டு மாதமும் மானியம் உண்டு. ஏன் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

செவ்வந்தியப்பர் சால்வையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு நடந்தார். மனைவி கட்டி வைத்திருந்த மூட்டையை அவரே அவிழ்த்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அவர் சாப்பிட்டார், தூங்கினார், எழுந்து மழையைப் பார்த்தார், மறுபடி தூங்கினார். அந்த இரண்டு மாதமும் அவர் ஒருவரையும் சிரிக்க வைக்கவில்லை.